ஆறாத புண்ணும் சின்னஞ்சிறு ஆர்என்ஏவும்

கவ்வாத்துக் கத்தி விரலில் பட்டால் முதலில் இரத்தம் உறையும். ஓரிரு நாள் சிவந்து வீங்கி வலிக்கும். பிறகு காயத்தின் விளிம்பிலிருந்து புதுத்தோல் ஊர்ந்து வந்து மூடிக்கொள்ளும். மாத்தளை மாவட்டத்தில் இப்படி ஆறாத புண் ஒன்றும் உண்டு. முகத்திலோ கையிலோ கொசு கடித்தது போல ஒரு சிவப்புக் கட்டி வரும். வலிக்காது, அரிக்காது. வாரங்கள் போகப் போகப் பருத்து, நடுவில் குழி விழுந்து, காய்ந்த பொருக்கு கட்டும். மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

இதன் பெயர் லீஷ்மேனியாசிஸ். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள மணல் ஈ கடிப்பதால் தொற்றுகிறது. இலங்கையில் இது பரவியுள்ள மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. கண்டறிந்தால் சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் 2008இல் சேர்க்கப்பட்டது. பீகாரில் காலா அசார் என்ற உயிர்க்கொல்லி நோயைத் தரும் லீஷ்மேனியா டொனொவானி என்ற ஒட்டுண்ணியே இங்கு பெரும்பாலும் தோல் புண்ணாக வெளிப்படுகிறது.

ஒரு காயம் ஆறுவதும் மற்றது ஆறாமல் நிற்பதும் ஏன்? விடையின் ஒரு பகுதி மைக்ரோ ஆர்என்ஏக்களிடம் இருக்கிறது. மரபணுவின் கட்டளையைத் தூது ஆர்என்ஏ கொண்டுவர, அதன்படி கலம் புரதம் செய்கிறது. மைக்ரோ ஆர்என்ஏ என்பது சுமார் 22 நியூக்கிளியோடைடு மட்டுமே நீளமுள்ள துணுக்கு. தானாக எந்தப் புரதத்தையும் செய்யாது. தனக்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏவைப் பற்றிக்கொண்டு அந்தப் புரதம் உருவாவதைக் குறைக்கும். தான் கொழுந்து பறிக்காமல், எந்த நிரையில் இன்று கை வைக்கக்கூடாது என்று சொல்லும் கங்காணியைப் போன்றது அதன் வேலை. 1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்றில் இதைக் கண்டறிந்த விக்டர் அம்ப்ரோசும் கேரி ருவ்குனும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

காயத்தில் இந்தக் கட்டுப்பாடு நாளுக்கு நாள் மாறுகிறது. காயம் சிவந்து வீங்கும் அழற்சி, கிருமிகளை விரட்டத் தேவை. வேலை முடிந்ததும் அது அடங்க வேண்டும். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2015இல் காட்டியபடி, அழற்சியைத் தணித்துத் தோல் கலங்களைப் பெருகச் செய்வதில் மைக்ரோ ஆர்என்ஏ-132க்குப் பெரிய பங்குண்டு. சீனி வருத்தக்காரரின் ஆறாத கால் புண்ணில் இதன் அளவு குறைந்திருக்கிறது. மைக்ரோ ஆர்என்ஏ-21 விளிம்புக் கலங்கள் நகர்ந்து வர உதவும். இரத்த ஓட்டம் குன்றிய புண்ணில் ஒட்சிசன் குறையும்போது மைக்ரோ ஆர்என்ஏ-210 கூடிவிடும்; அது கலங்கள் பெருகுவதைத் தடுத்துவிடும்.

லீஷ்மேனியா இந்த ஏற்பாட்டிலேயே கைவைக்கக்கூடியது. மைக்ரோ ஆர்என்ஏவை உரிய நீளத்துக்கு நறுக்கித் தருவது டைசர் என்ற நொதி. லீஷ்மேனியா டொனொவானி தன் ஜிபி63 என்ற நொதியால் அந்த டைசரையே சிதைக்கிறது என்று கொல்கத்தா ஆய்வாளர்கள் 2013இல் எலியின் ஈரலில் காட்டினார்கள். அதனால் மைக்ரோ ஆர்என்ஏ-122 குறைந்து ஒட்டுண்ணி செழித்தது. 122ஐத் திரும்பக் கூட்டியபோது ஒட்டுண்ணி குறைந்தது. அது தோலில் நடந்த சோதனை அல்ல. ஆனாலும் ஒரு கிருமி நம் கலத்துக்குள் எவ்வளவு ஆழமாகக் கைவைக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

மைக்ரோ ஆர்என்ஏவைக் கொண்டு புண்ணாற்றும் மருந்துகள் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. லீஷ்மேனியா புண்ணுக்கோ இன்றே வைத்தியம் இருக்கிறது: புண்ணிலேயே போடும் சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் ஊசி, அல்லது திரவ நைதரசனால் உறையவைத்தல். புண்ணிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே நோயைக் கண்டுபிடித்துவிடலாம். வலிக்கவில்லையே என்று பலரும் பச்சிலை வைத்துக் காத்திருக்கிறார்கள். காத்திருந்தால் தழும்புதான் பெரிதாகும். வாரக்கணக்கில் ஆறாமல், வலியும் இல்லாமல் ஒரு புண் இருந்தால் அதை வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காட்டிவிடுங்கள். அந்த வலியின்மையே அதைக் காட்டப் போதுமான காரணம்.