முட்டையா, ஜூஸா: பிள்ளைக்கு எதை வாங்குவது?

சம்பளம் கைக்கு வரும் 10ஆந் திகதியை ஒட்டிய நாட்களில் தெஹியோவிட்ட டவுனுக்கு இறங்கி வரும் தோட்டத்துப் பெற்றோரின் பைக்குள் அரிசி, மா, சீனி, கருவாட்டோடு பிள்ளைக்கென்று ஒரு ஜூஸ் பெட்டியும் ஏறிவிடுகிறது. பெட்டியில் மாம்பழப் படம் இருக்கிறது, தோடம்பழம் பாதியாக வெட்டிய படம் இருக்கிறது; உடம்புக்கு நல்லது என்று நினைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்கு நோயாளி பார்க்கப் போகிறவர்களும் வெறுங்கையோடு போகக் கூடாதென்று அதையே வாங்குகிறார்கள். முட்டைக்கு அந்த மரியாதை இல்லை. கறிக்கு ஒன்றும் இல்லாத ராத்திரியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டுப் பொரிக்கிற சமாளிப்புச் சாமான் அது. சத்துக் கணக்கைப் பார்த்தால் இந்த மரியாதை இடம் மாறியிருக்க வேண்டும்.

ஓடு நீக்கி 50 கிராம் வரும் ஒரு முட்டையில் ஏறத்தாழ 72 கிலோகலோரி, 6 கிராமுக்குச் சற்று மேல் புரதம், 5 கிராம் அளவு கொழுப்பு இருக்கின்றன. விற்றமின் ஏ, டி, பி12, செலனியம் எல்லாம் சிறிது சிறிதாக உண்டு. கோலின் என்றொரு சத்து 150 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் பிள்ளையின் மூளை வளர அது வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் சுமார் 13 கிராம். ஒரே ஒரு முட்டை அதில் கிட்டத்தட்டப் பாதியைக் கொடுத்துவிடுகிறது.

இப்போது 200 மில்லிலீற்றர் தோடம்பழச் சாறு. பெட்டிச் சாமான் அல்ல, சீனி ஒரு துளியும் சேர்க்காமல் வீட்டில் பிழிந்தது என்றே வைத்துக்கொள்வோம். 90 கிலோகலோரி, அதாவது முட்டையைவிடக் கொஞ்சம் கூட. புரதம் ஒன்றரைக் கிராம்கூட வராது. கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். பழத்துக்கே உரிய சீனி 17 கிராம். முட்டையில் மருந்துக்கும் இல்லாத விற்றமின் சி மட்டும் இதில் தாராளமாக, 100 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. ஆக, கலோரிக் கணக்கில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், ஒன்றில் உடம்பு கட்டுவதற்கான சாமான் வருகிறது, மற்றதில் ஓடியாடச் சீனியும் ஒரு விற்றமினும் வருகின்றன.

இது சுத்தமான சாற்றின் கதை. கடைத் தட்டில் இருப்பது பெரும்பாலும் அதுவல்ல. ‘நெக்டார்’ என்றால் பழக்கூழோடு தண்ணீரும் சீனியும். ‘கோர்டியல்’ என்றால் தண்ணீர் கலந்து குடிக்க வேண்டிய சீனிப்பாகு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சேர்மானப் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்து சீனி வருகிறதா, பழம் வருகிறதா என்பது தெரிந்துவிடும். எது அதிகமோ அது முன்னால் வரும். 2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் விற்கும் குளிர்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் கட்டாயம். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2க்கும் 11க்கும் இடையில் செம்மஞ்சள், அதற்கும் கீழே பச்சை. செம்மஞ்சளைப் பார்த்து ஆறுதலடைய வேண்டாம். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனியுள்ள பானமும் அந்த நிறத்துக்குள்தான் அடங்கும். 200 மில்லிலீற்றர் பெட்டியைக் குடித்து முடிக்கும்போது 20 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிச் சீனி உள்ளே போயிருக்கும். பிள்ளையின் தேத்தண்ணியில் ஐந்து கரண்டி சீனி போட்டால் அம்மாயி சும்மா விடுவாரா?

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில் பழச்சாற்றின் சீனியையும் கட்டுப்படுத்த வேண்டிய சீனிக் கணக்கில்தான் சேர்த்தது. முழுப் பழத்தின் சீனியை அப்படிச் சேர்க்கவில்லை. காரணம் நார்ச்சத்து. பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் சீனி மெதுவாக இரத்தத்தில் சேரும், வயிறும் நிறையும். பிழிந்து வடித்தால் நார் சக்கையோடு போய்விடும். மூன்று தோடம்பழத்தை உரித்துச் சாப்பிடப் பொறுமையில்லாத பிள்ளை அதன் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2017இல் ஒரு வயது வரை ஜூஸே வேண்டாம், மூன்று வயது வரை ஒரு நாளைக்கு 120 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது.

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஏன் கூடுதல் கனம் என்றால், பிள்ளைகளின் உயரம் அதைச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டத் துறையில் மட்டும் அது 31.7 சதவீதம், மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட. இதற்குத் தண்ணீர், கழிவறை, தாயின் உடல்நிலை, நெருக்கடியான லயம் என்று பல காரணங்கள் உண்டு. முட்டை ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்கும் என்று எழுதினால் அது பொய். ஆனால் தட்டிலும் ஒரு காரணம் இருக்கிறது. விடிய முன்னே ரப்பர் பால் வெட்டப் போகும் வீட்டில் காலைச் சாப்பாடு கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாயத் தேத்தண்ணியும். பசி அடங்கும். ஆனால் கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அது குறைந்தால் மற்றப் புரதமும் உடல் வளர்ச்சிக்கு முழுமையாகப் பயன்படாது. முட்டையில் அந்த லைசின் நிறைய. பிள்ளைக்காம்பராவுக்குப் போகும் பிள்ளையின் ரொட்டியோடு அவித்த முட்டை பாதி போனாலும் ரொட்டியின் மதிப்பே கூடிவிடும். ஜூஸால் அது முடியாது.

எக்குவடோரில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2017இல் வெளியானபோது முட்டைக்கு உலகளவில் பேச்சு வந்தது. ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்தார்கள். கொடுக்காத குழந்தைகளோடு ஒப்பிட்டபோது வளர்ச்சி குன்றுவது 47 சதவீதம் குறைந்திருந்தது. அதே முறையை மலாவியில் செய்து 2019இல் முடிவு சொன்னார்கள்: உயரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. மலாவியில் ஆய்வு நடந்தது ஏரிக்கரை ஊர்களில். அங்கே குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மீனோ இறைச்சியோ அடிக்கடி வராத வீட்டில்தான் முட்டைக்கு வேலை அதிகம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். தோட்டத்து வீடுகள் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

முட்டையிலும் ஓட்டை உண்டு. நார்ச்சத்து இல்லை, விற்றமின் சி இல்லை. மஞ்சட்கருவில் இரும்பு இருந்தாலும் அங்குள்ள ஒரு புரதம் அதை இறுகப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேருவது கொஞ்சம்தான். விற்றமின் சி கூட வந்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும். அப்படியானால் ஜூஸ் வேண்டுமே என்பீர்கள். வேண்டியது விற்றமின் சி. அதற்கு ஜூஸ்தான் வழி என்றில்லை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி இருக்கிறது, தோடம்பழத்தைப் போல நாலு மடங்கு. நெல்லிக்காயும் சளைத்ததல்ல. வல்லாரைச் சம்பலில் பிழியும் அரைத் தேசிக்காயும் அதே வேலையைச் செய்யும்.

இதையெல்லாம் செய்துவிட்டுச் சாப்பிட்ட கையோடு சாயத் தேத்தண்ணி குடித்தால் பாதிப் பலன் போய்விடும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தேயிலை, ரப்பர் மண்ணில் இருந்துகொண்டு தேத்தண்ணியை விடச் சொல்ல எனக்கும் மனம் வராது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விட்டால் போதும். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம், கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது.

“முட்டை சூடு, ஜூஸ் குளிர்ச்சி” என்ற பேச்சு இங்கே வலுவாக இருக்கிறது. காய்ச்சல் வந்தால் முட்டையை நிறுத்திவிடுவார்கள். காய்ச்சலில் வாடிய பிள்ளைக்குப் புரதம் இன்னும் அதிகமாகத்தான் வேண்டும். வாய்க்குப் பிடித்தால் நன்றாக அவித்த முட்டை கொடுப்பதில் தடையில்லை. தடை உள்ளவர்கள் முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள். அதனால் ஆறு மாதக் குழந்தைக்கு முதலில் நன்றாக அவித்துக் கொஞ்சமாகக் கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றினால் பலம் என்பதும் தவறு. அவித்த முட்டையின் புரதம் பத்தில் ஒன்பது பங்கு செரிக்கும், பச்சையில் பாதிதான். சல்மொனெல்லா கிருமி வேறு. சிவப்பு முட்டைக்குக் கூடுதல் காசு கொடுப்பதிலும் பொருளில்லை, ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததல்ல.

தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டத்தில் 2010 முதல் பள்ளி நாட்களில் வாரத்துக்கு ஐந்து முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். பழம் நல்லதுதான், ஆனால் ஒரு வாழைப்பழத்தில் ஒன்றேகால் கிராம் புரதம்தான் வரும். முட்டைக்கு ஈடாகக் கடலையோ பயறோ அல்லவா கொடுத்திருக்க வேண்டும். நம் வீடுகளிலும் முட்டை தொடாதவர்களுக்கு அவித்த கடலை, பாசிப்பயறு, பருப்பு, பால் என்று போக வேண்டுமே தவிர ஜூஸ் பக்கம் அல்ல.

விலைதான் பெரிய முட்டுக்கட்டை. தீவனச் சோளம் கிடைக்காமல் 2022இல் விலை ஏறி, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையைக் கப்பலில் இறக்கும் நிலை வந்தது யாருக்கும் மறந்திருக்காது. அதன் பிறகும் விலை ஏறி இறங்கியபடிதான் இருக்கிறது. இருந்தாலும் ஒரு சின்ன ஜூஸ் பெட்டியின் காசுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முட்டை வாங்கலாம். லயத்துக் கோடியில் இரண்டு ஊர்க்கோழி வளர்க்க இடமும், கீரி, நாயிலிருந்து காக்கக் கூடும் இருக்கிற வீட்டுக்கு அதுவும் மிச்சம்.

ஜூஸுக்கென்று ஒரு நேரம் உண்டு, அப்போது முட்டை உதவாது. நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர் சாப்பாடு தவறி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கினால் இரத்தத்தில் சீனி விழுந்துவிட்டதென்று பொருள். விழுங்கக் கூடிய நிலையில் இருந்தால் உடனே அரைக் கோப்பை இனிப்பு ஜூஸ் கொடுத்து, 15 நிமிடம் பார்க்க வேண்டும். தெளியாவிட்டால் இன்னொரு முறை. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓட வேண்டும்.