காட்சியில் திருத்தினால் கணக்கில் ஏறுமா?

கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்கிறோம். பொட்டு கோணலாகத் தெரிந்தால் நெற்றியில்தான் கையை வைக்கிறோம். கண்ணாடியைத் துடைப்பவர் எவருமில்லை. ஆனால், கணிப்பொறியின் தரவுத்தளத்தில் கண்ணாடியைத் துடைத்தாலே நெற்றிப் பொட்டு திருந்தும் விந்தையும் நிகழ்கிறது. சில வேளைகளில் மட்டும்! மற்ற வேளைகளில் பிழைச் செய்தி காட்டிக் கணிப்பொறி மறுத்துவிடும். ஏன் என்பதைக் காண்போம்.

தரவுத்தளத்தில் விவரங்கள் அட்டவணைகளாக உள்ளன. அணிகளில் நீங்கள் படித்த நிரை, நிரல் இங்கும் உண்டு. ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். மாணவர் அட்டவணையில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நிரை: பதிவெண், பெயர், துறை எண், எழுத்துத் தேர்வு மதிப்பெண், செய்முறை மதிப்பெண். துறை அட்டவணையில் துறை எண்ணும் துறையின் பெயரும். இவற்றை இணைத்து, வேண்டியதை மட்டும் காட்டும் ஏற்பாட்டுக்கு ‘வியூ’ என்று பெயர். நாம் காட்சி என்போம். பார்வைக்கு இதுவும் அட்டவணைதான். ஆனால் இதற்குள் ஒரு பதிவுகூடக் கிடையாது. கேட்கும்போதெல்லாம் மூல அட்டவணைகளிலிருந்து எடுத்துக் காட்டும் ஒரு வினாவே இது. (விடையைச் சேமித்து வைக்கும் காட்சிகளும் உண்டு, அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.)

ஆகவே, காட்சியில் செய்யும் திருத்தம் மூலத்தில் எந்த நிரையின் எந்த நிரலுக்குப் போக வேண்டும் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும். எழுத்துத் தேர்வில் 50, செய்முறையில் 30, காட்சியில் மொத்தம் 80 என்று கொள்வோம். அந்த 80ஐ 85 என்று மாற்றினால், கூடுதல் 5 எதில் சேரும்? மைஎஸ்க்யூஎல் இந்த நிரலைத் திருத்த இயலாது என்று சொல்லிவிடும். ஆரக்கிள் 01733 என்ற பிழை எண்ணைக் காட்டும். வகுப்புச் சராசரியைத் திருத்த முயன்றாலோ நிலைமை இன்னும் மோசம். நாற்பது பேரின் மதிப்பெண்களை எத்தனையோ விதமாக மாற்றி அதே சராசரியைப் பெறலாம். நியூட்டனே வந்தாலும் எது சரியென்று சொல்ல இயலாது.

மறுப்புச் செய்தியைக் கண்டு எரிச்சல்படுகிறோம். மறுக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் பட்டு அறிந்தேன். இயற்பியலில் சேர்ந்த மாணவர் ஒருவர் வேதியியலுக்கு மாறிவிட்டார். மைஎஸ்க்யூஎல்லில் இருந்த இணைப்புக் காட்சியில், அவருடைய நிரையில் துறையின் பெயரை ‘வேதியியல்’ என்று திருத்தினேன். பிழை ஏதும் வரவில்லை. மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினேன். மறுநாள் பார்த்தால் எங்கள் துறையில் பயிலும் அத்தனை பேரும் வேதியியல் மாணவர்கள்! நான் மாற்றியது மாணவரை அன்று. துறை அட்டவணையில் இருந்த ‘இயற்பியல்’ என்ற ஒரே பெயரை. அதைத்தான் காட்சி அத்தனை நிரைகளிலும் காட்டிக்கொண்டிருந்தது. பெயரை மீட்டு, அந்த மாணவரின் துறை எண்ணை மட்டும் மாற்றியதும் எல்லாம் சரியாயிற்று.

இதே திருத்தத்தை ஆரக்கிள் 01779 என்று சொல்லி மறுத்திருக்கும். இணைப்புக்குப் பின்னும் ஒரு நிரை ஒரு முறைக்கு மேல் தோன்றாத அட்டவணையைத்தான் அது தொடவிடும். மாணவர் அட்டவணை அத்தகையது. துறை அட்டவணை அத்தகையதன்று.

எனவே பிழை வந்தால் முதலில் காட்சியின் வரையறையை எடுத்துப் படியுங்கள். கூட்டல், சராசரி, குழுவாக்கல், இரட்டைப் பதிவுகளை நீக்கும் ‘டிஸ்டிங்க்ட்’ ஆகியவை இருந்தால், மூல அட்டவணையிலேயே திருத்துவது நல்லது. புதிய நிரை சேர்க்கும்போது பிழையா? மூலத்தில் கட்டாயமான ஒரு நிரல் காட்சியில் விடுபட்டிருக்கலாம். திருத்திய நிரை காட்சியிலிருந்தே மறைந்து போவதும் உண்டு: இயற்பியல் மாணவரை மட்டும் காட்டும் காட்சியில் துறை எண்ணை மாற்றினால் அவர் வெளியேறிவிடுவார் அல்லவா? ‘வித் செக் ஆப்ஷன்’ என்று காட்சியின் வரையறையில் சேர்த்துவிட்டால் அத்தகைய திருத்தம் ஏற்கப்படாது.

1970இல் உறவுமுறைத் தரவுத்தளக் கருத்தை வெளியிட்ட எட்கர் காட், 1985இல் 12 விதிகளை வகுத்தார். கொள்கையளவில் திருத்தத்தக்க காட்சிகள் அனைத்தையும் கணிப்பொறி திருத்தவிட வேண்டும் என்பது அவற்றுள் ஆறாவது. நடைமுறை மெதுவாகவே வந்தது. எளிய காட்சிகளைத் தானாகத் திருத்தும் வசதி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2013இல்தான், 9.3 பதிப்பில், சேர்ந்தது. சிக்கலான காட்சிகளுக்கு ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் ‘இன்ஸ்டெட் ஆஃப்’ டிரிக்கர் என்ற வசதியைத் தருகின்றன. மொத்தத்தில் கூடும் 5 மதிப்பெண் செய்முறையில் சேர வேண்டுமா, எழுத்துத் தேர்விலா என்பதை அதில் நாமே எழுதிவைக்க வேண்டும்.