வண்டிக்குள் ஒரு குட்டித் துப்பறிவாளர்!



பிரம்மதேசத்திலிருந்து பைக்கில் திண்டிவனம் வந்து தினமும் பால் ஊற்றும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பினால் பைக்கைக் காணோம்! தவணை கூட இன்னும் கட்டி முடியவில்லை. பைக் போனால் பிழைப்பே போய்விடும். பதறிப்போய்ச் செல்போனைப் பார்க்கிறார். வரைபடத்தில் ஒரு புள்ளி விழுப்புரம் பக்கமாக நகர்கிறது. அதுதான் அவருடைய பைக்!

'வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லியிருக்கும்' என்கிறீர்களா? அதுதான் இல்லை! செயற்கைக்கோளுக்கு அந்த பைக்கைத் தெரியவே தெரியாது.

இருக்கைக்கு அடியில் தீப்பெட்டி போன்ற ஒரு சின்னக் கருவி ஒளிந்திருக்கிறது. அதற்கு ஒரு காது, ஒரு வாய். காதுதான் ஜி.பி.எஸ். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் ரேடியோ அலைகளை அது கேட்கிறது. அலை வந்துசேர ஆன நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது.

தூரம் தெரிந்தால் இடம் எப்படித் தெரியும்? முளையில் கட்டிய மாட்டைப் பாருங்கள். கயிறு விறைப்பாக இருந்தால், மாடு ஒரு வட்டத்தின் மேல் எங்கோ நிற்கிறது. இன்னொரு முளையிலிருந்தும் கயிறு கட்டினால், அது நிற்கக்கூடியது இரண்டே இடம். மூன்றாவது கயிறும் கட்டினால் ஒரே இடம்தான்! கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்த நான்காவது செயற்கைக்கோளும் வேண்டும்.

வாய் எது? கருவிக்குள் இருக்கும் சிம் கார்டு! கண்டுபிடித்த இடத்தை அது செல்போன் கோபுரம் வழியாக உரிமையாளருக்குச் சொல்கிறது. திருடன் பேட்டரி வயரை அறுத்தாலும், உள்ளே தனியாகச் சின்ன பேட்டரி இருந்தால் சில மணி நேரம் தாங்கும். ஆனால், இரும்புக் கன்டெய்னருக்குள் வண்டியை ஏற்றிவிட்டால் காது கேட்காது. சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் வாய் திறக்காது!

இந்த யோசனை புதிதல்ல. 1986-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'லோஜாக்' என்ற கருவி வந்தது. கடத்தலுக்கு ஆங்கிலத்தில் 'ஹைஜாக்' என்பார்கள். அதற்கு எதிர்ப்பதம் போல வைத்த வேடிக்கைப் பெயர் இது! அதில் செயற்கைக்கோள் கிடையாது. கார் திருடு போனதாகப் புகார் வந்ததும், காருக்குள் ஒளிந்திருக்கும் ரேடியோ ஒலிக்கத் தொடங்கும். போலீஸ் கார்கள் அதைப் பின்தொடர்ந்து போய்ப் பிடிக்கும். நம் நாடும் சொந்தமாக 'நாவிக்' என்ற வழிகாட்டி அமைப்பை உருவாக்கியது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பாய்ந்தது.

சரி, புள்ளி தெரிந்துவிட்டது. உடனே விரட்டிப் போகலாமா? கூடவே கூடாது! அங்கே எத்தனை பேர், கையில் என்ன ஆயுதம் என்று புள்ளி சொல்லாது. 100 அல்லது 112-க்குப் போன் செய்து, போலீசாரிடம் அந்தப் புள்ளியைக் காட்ட வேண்டும். கருவி இடத்தைத்தான் காட்டும். வண்டியை மீட்பது அவர்கள் வேலை.

இன்னொன்று: நம்பர் பிளேட்டை ஐந்தே நிமிடத்தில் மாற்றிவிடலாம். வண்டியின் சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண்ணை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. பிடிபட்ட வண்டி நம்முடையதுதான் என்று காட்டுவது அதுவே.

இன்றே ஒரு வீட்டுப்பாடம்! ஆர்.சி.யைப் பார்த்து, உங்கள் வீட்டு வண்டியின் சேசிஸ் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். அப்பா வண்டியை நிறுத்தும்போது, "சைடு லாக் போட்டீங்களாப்பா?" என்று மறக்காமல் கேளுங்கள்!