இனாம் நிலத்தை ஏற்க இருபது வருஷம்!

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்பது நம் ஊர் வழக்கம். அமெரிக்காவில் ஒரு கோடீசுவரர் 35,000 ஏக்கர் நிலத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கி, தேசியப் பூங்காவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினார். பல்லைப் பிடித்துப் பார்த்ததோடு விட்டார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள், துப்பாக்கியோடு மாடுகளை ஓட்டிக்கொண்டும் கிளம்பினார்கள்!

வயோமிங் ராஜ்யத்தில் ஜாக்ஸன் ஹோல் என்று ஒரு பள்ளத்தாக்கு. அதன் மேற்கே டீட்டன் மலைத்தொடர், அடிவாரக் குன்று எதுவும் இல்லாமல், சமதரையிலிருந்து சுவர் எழுப்பியது போல் நிற்கிறது. உச்சி 13,775 அடி. குளிர்காலம் வந்தால் எல்க் மான்கள் மந்தை மந்தையாகக் கீழே இறங்கிவிடும். ஆகவே மான்களுக்கு மலை மட்டும் போதாது, பள்ளத்தாக்கும் வேண்டும். அதே பள்ளத்தாக்கை நம்பித்தான் பண்ணைக்காரர்களும் மாடு வளர்த்தார்கள். தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது. (அவர்களுக்கு முன்னால் அங்கே வேட்டையாடி வந்த ஷோஷோனி மக்களிடம் யாரும் விலை பேசவில்லை. அது தனிக் கதை.)

1926-ல் ஜான் ராக்ஃபெல்லர் ஜூனியர் குடும்பத்தோடு அங்கே வந்தார். பக்கத்து எல்லோஸ்டோன் பூங்காவின் நிர்வாகி ஹோரஸ் ஆல்பிரைட் ஊரைச் சுற்றிக் காட்டினார். மலையின் அழகை மறைத்துக்கொண்டு சாலையோரக் கடைகளும் தந்திக் கம்பிகளும் நின்றதைக் கண்டு தம்பதிகள் வருந்தினார்கள். நிலத்தை வாங்கிவிடுவது என்று ராக்ஃபெல்லர் தீர்மானித்தார்.

ஆனால் அவர் பெயர் வெளியே தெரிந்தால் விலை ஏறாதா? 1927-ல் 'ஸ்நேக் ரிவர் லாண்ட் கம்பெனி' என்று ஒன்று தோன்றியது. உள்ளூர் பாங்கர் ராபர்ட் மில்லர் அதற்காக நிலம் வாங்கினார். பணம் யாருடையது என்பது அவருக்கே தெரியாது! அதைவிட வேடிக்கை, அவர் பூங்காவுக்கு விரோதி. மொத்தச் செலவு சுமார் 14 லட்சம் டாலர். ஏக்கருக்கு 40 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம்.

1929-ல் காங்கிரஸ் சபை கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவை ஏற்படுத்தியது. பெயர்தான் பெரிது. மலையும் அடிவாரத்து ஏரிகளுமாக 96,000 ஏக்கர், பள்ளத்தாக்கு கிடையாது. மறு வருஷம் ராக்ஃபெல்லரின் ரகசியம் பகிரங்கமாயிற்று. ஊரே கொதித்தது. 1933-ல் செனட் கமிட்டி ஜாக்ஸனுக்கே வந்து விசாரித்தது. மோசடி என்று சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. ஆனாலும், வாங்குகிறவன் யார் என்று தெரியாமலே நிலத்தை விற்றவனுடைய மனத்தாங்கல் கமிட்டித் தீர்ப்பினால் தீருமா? அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

வருஷங்கள் ஓடின. 1942-ல் ராக்ஃபெல்லர் பொறுமை இழந்து, நிலத்தை ஏற்காவிட்டால் வேறு யாருக்காவது விற்றுவிடுவேன் என்று உள்துறை மந்திரி இக்கீஸுக்குக் கடிதம் எழுதினார். 1943 மார்ச் 15-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், காங்கிரஸைக் கேட்காமலே, 1906-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றைக் கையில் எடுத்து 2,21,000 ஏக்கரைத் தேசியச் சின்னமாகப் பிரகடனம் செய்தார்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாயிற்று! மே மாதத்தில் பண்ணைக்காரர்கள் ஆயுதபாணிகளாய், அனுமதி கேட்காமல், ஐந்நூறுக்கு மேற்பட்ட மாடுகளை அந்த நிலத்தின் குறுக்கே ஓட்டிச் சென்றார்கள். சினிமா நட்சத்திரம் வாலஸ் பீரியும் குதிரையில் வந்தார். தடுப்பார் இல்லை. பத்திரிகைகளில் படம் வந்ததுதான் லாபம்.

வாஷிங்டனில் நடந்த சண்டை இன்னும் கடுமை. பிரகடனத்தை ரத்து செய்ய வயோமிங் பிரதிநிதி பாரெட் கொண்டுவந்த மசோதா 1944-ல் நிறைவேறியது. ரூஸ்வெல்ட் கையெழுத்திட மறுத்தார். ராஜ்ய சர்க்கார் போட்ட வழக்கு 1945-ல் தள்ளுபடியாயிற்று. உடனே எதிரிகள் கஜானாவைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த நிலத்துக்குக் காலணாகூடச் செலவிடக்கூடாது என்று மானியச் சட்டத்தில் நிபந்தனை சேர்த்தார்கள். சின்னம் இருந்தது, அதைக் காக்கப் பணம் இல்லை.

கடைசியில் பேரம்தான் ஜெயித்தது. 1949 டிசம்பரில் ராக்ஃபெல்லர் 32,000 ஏக்கருக்கு மேல் எழுதிக் கொடுத்தார். 1950 செப்டம்பர் 14-ல் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட, மலையும் பள்ளத்தாக்கும் ஒன்றாயின. பதிலுக்குப் பண்ணைக்காரர்களின் மேய்ச்சல் உரிமை வாரிசுகள் வரை நீடித்தது. கவுண்டிக்கு வரி நஷ்டஈடு கிடைத்தது. வயோமிங்கில் காங்கிரஸின் சம்மதமின்றி இனி எந்த ஜனாதிபதியும் இப்படிப் பிரகடனம் செய்யக்கூடாது என்றும் எழுதிக்கொண்டார்கள். அந்த விதி இன்றும் அமலில் இருக்கிறது.

அன்று மாடு ஓட்டிப்போனவர்களில் ஒருவர் கிளிஃபோர்ட் ஹான்ஸன். பின்னால் கவர்னராகவும் செனட்டராகவும் ஆனவர். நான் நினைத்தது தவறு, தோற்றதே நல்லது என்று அவரே ஒப்புக்கொண்டார். வரி போய்விடும் என்று கலங்கிய அதே டீட்டன் கவுண்டி, தலைக்கு வருமானத்தில் அமெரிக்காவிலேயே முதலிடம் பெற்ற வருஷங்கள் பல.

பூங்காவுக்குள் ராஜ்ய சர்க்காருக்குச் சொந்தமான 640 ஏக்கர் மிஞ்சியிருந்தது. பள்ளிக்கூடங்களுக்காக வருமானம் ஈட்ட வேண்டிய நிலம் அது. ஏலத்துக்குப் போய்விடுமோ என்ற பயம் பல வருஷம் இருந்தது. 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார் அதை வாங்கியது. விலை 10 கோடி டாலர். அதில் 3 கோடியே 76 லட்சம் தனியார் நன்கொடை. ஏக்கர் 40 டாலருக்குப் போன பள்ளத்தாக்கில், இப்போது ஏக்கர் 1,56,250 டாலர்!