மாட்டுக் கொட்டகையில் ஒரு பழைய லேத்!

வாசகர் கேள்வி: ''எங்கள் ஊர் பழைய இரும்புக் கடையில் ஒரு பழைய லேத்தை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். பம்ப்செட், பவர் டில்லர் வேலைகளுக்கு ஆகுமே என்று ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா? வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?''

மேசையில் உட்கார்ந்து பதில் எழுதுவதைவிட, இதைச் செய்து பார்த்தவரிடமே கேட்டுவிடலாம் என்று சூலூர் பக்கம் கிளம்பினோம். ஆறு ஏக்கர் தென்னை, கொஞ்சம் மிளகாய், நான்கு மாடுகள். கொட்டகையின் ஒரு மூலையில் நாலரை அடி நீள லேத், பச்சை பெயின்ட்டில் பளிச்சென்று நிற்கிறது. ''பேரு மட்டும் போட்டுராதீங்க. அப்புறம் ஊரே ஷாஃப்டைத் தூக்கிட்டு வந்து நிக்கும்'' என்ற நிபந்தனையோடுதான் பேச ஆரம்பித்தார் அந்த விவசாயி.

''மூணு வருஷத்துக்கு முன்னாடி, நல்ல வெயில் காலத்துல மோட்டார் ஷாஃப்ட் தேஞ்சு போச்சுங்க. டவுன்ல லேத் பட்டறையில கொடுத்தேன். அவங்களுக்கு கம்பெனி ஆர்டர் இருந்துச்சு. இன்னைக்கு, நாளைக்குன்னு அஞ்சு நாள் ஆயிருச்சு. தென்னை தாங்கிக்கும், மிளகாய் நாத்து தாங்குமா? மொத்தமும் கருகிப்போச்சு. கடையிலிருந்த சாமானோ அரை மணி நேர வேலை'' என்றவர், அந்த ஆத்திரத்தில்தான் பழைய இரும்புக் கடையில் கிடந்த லேத்தை வாங்கியிருக்கிறார். கிலோ 45 ரூபாய், 460 கிலோ, ஆக 20,700 ரூபாய். இரண்டு ஆடுகளை விற்ற காசும் அதில் சேர்ந்திருக்கிறது. ''ஆடு போனது போச்சு, மாடு கட்டுற இடமும் போச்சு'' என்று சிரிக்கிறார் அவர் மனைவி.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்கிறார். துரு போய்விடும், தேய்மானம்தான் போகாது. லேத்தின் முதுகெலும்பு அதன் 'பெட்'. பெரும்பாலான வேலை சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பதால், அந்த இடம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். டூலைச் சுமக்கும் சாடிலை சக் பக்கம் தள்ளிவைத்து, ஆட்டம் இல்லாத அளவுக்கு இறுக்க வேண்டும். பிறகு மறுகோடிக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். பாதியிலேயே சிக்கிக்கொண்டால் பெட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கிரைண்டிங் செய்யக் கொடுத்தால் லேத் வாங்கிய விலையைத் தாண்டிவிடும். அடுத்து, சக்குக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து மேலே நெம்பிப் பார்க்க வேண்டும். 'லொடக்' என்று ஆடினால் ஸ்பிண்டில் புஷ் போயிருக்கிறது. இது சரிசெய்யக் கூடியது. வார்ப்பில் விரிசல், பல்சக்கரத்தில் பல் உடைவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் அவசியம். திருகு வெட்டுவதற்கான மாற்றுப் பல்சக்கரங்கள் எல்லாம் கூடவே கிடக்கின்றனவா என்று கேளுங்கள். பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இவர் வாங்கியதில் பெட் தப்பித்தது, புஷ் தப்பவில்லை. ''லேத்தை சரிபண்ண, அதே லேத் பட்டறைக்கே போய் நின்னேனுங்க'' என்கிறார். கன்மெட்டல் புஷ் கடைந்து வாங்க 3,200 ரூபாய்.

சலவை சோடாவும் புளியும்

பிரித்து மேய்ந்த சாமான்களில் துரு எடுக்க இவர் கையாண்டது மின்சார முறை. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், 10 லிட்டருக்கு இரண்டு, மூன்று ஸ்பூன் சலவை சோடா, பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமானை நெகட்டிவ் வயரிலும், வேண்டாத இரும்புத் தகட்டைப் பாசிட்டிவ் வயரிலும் கட்டித் தொங்கவிட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. வயரை மாற்றிக் கட்டினால் சாமான்தான் கரையும். தகடாக எவர்சில்வரைப் போடவே கூடாது. தண்ணீரில் விஷமான குரோமியம் சேர்ந்துவிடும். தீப்பிடிக்கும் வாயு கிளம்புவதால் டிரம் வெட்டவெளியில் இருக்க வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. காலையில் போட்டால் மாலையில் துரு கறுப்புச் சேறாக மாறி, பிரஷ்ஷுக்கு வந்துவிடுகிறதாம்.

சின்னச் சின்ன சாமான்களுக்கு வழி சொன்னது அவர் மனைவி. ''பித்தளைக் குடம் விளக்குற புளியில போட்டுப் பாருங்கன்னேன்.'' புளியின் அமிலம் துருவைக் கரைத்திருக்கிறது. எடுத்ததும் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும். இல்லையென்றால் மறுநாளே மறுபடியும் செம்மண் நிறம்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னார். பழைய இயந்திரங்களின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகச் சுரண்டினால் தூசு நெஞ்சுக்குள் போகும். உதிர்ந்த செதிலை மாடு நக்கினால் ஈய நஞ்சு ஏறும், கண் தெரியாமல் போய் உயிரும் போகலாம். இவர் மாடுகளை இரண்டு வாரம் தோப்பில் கட்டிவிட்டு, பெயின்ட்டை ஈரமாக வைத்துச் சுரண்டி, கீழே சாக்கு விரித்து ஒரு துணுக்கு விடாமல் அள்ளியிருக்கிறார். நம்மைப் போன்ற வீடுகளில் இதுதான் பெரிய ஆபத்து.

மோட்டாரும் மட்டமும்

அந்தக் காலப் பட்டறைகளில் கூரைக்கடியில் நீளமான ஒரு ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து தட்டை பெல்ட் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் சுற்றும். இந்த லேத்தும் அப்படிப்பட்டதுதான். அதனால் 1 ஹெச்.பி மோட்டாரில் 3 அங்குல புல்லியும், நடு ஷாஃப்டில் 12 அங்குல புல்லியும் மாட்டி, 1,440 சுற்றை 360 ஆகக் குறைத்திருக்கிறார். பெல்ட் முழுவதற்கும் கம்பிவலை மூடி உண்டு. வேட்டி, துண்டோடு கிட்டே போகக் கூடாது, கையில் மோதிரம் கூடாது. சக் சாவியை மாட்டியபடி மோட்டாரைப் போட்டு, அது பறந்து ஓட்டைப் பிளந்த கதையையும் மறைக்காமல் சொன்னார்.

மின் இணைப்பையும் கேட்டோம். பாசனத்துக்குத் தரும் இலவச மின்சாரத்தில் லேத் ஓட்டக் கூடாது. வீட்டு இணைப்பில்தான் ஓட்டுகிறார். அடுத்தவர் வேலையைக் கூலிக்குச் செய்தால் அதற்குரிய தனி இணைப்பு வேண்டும். பேர் போட வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயின்ட் அடித்து ஓட்டிய முதல் நாளில் கம்பி ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் சிறுத்து வந்திருக்கிறது. தரை சமமில்லாததால் கால்கள் வழியே பெட் முறுக்கிக்கொண்டதுதான் காரணம். கால்களுக்கு அடியில் மெல்லிய தகடுகளைச் சொருகி, கம்பியைக் கடைந்து, இரண்டு முனைகளையும் மைக்ரோமீட்டரில் அளந்து, மறுபடி சொருகி... இதற்கு மட்டும் ஒரு வாரம். எல்லாமாக எட்டு மாத மாலை நேரங்கள்.

மொத்தச் செலவு? லேத் 20,700, ஏற்றி இறக்க 3,500, பழைய மோட்டார், ஸ்டார்ட்டர் 5,000, புல்லி, பெல்ட் 4,600, புஷ் 3,200, பெயின்ட், எண்ணெய், டூல் 4,000. ஆக 41,000 ரூபாய். வருஷத்துக்கு நான்கைந்து வேலைதான் வருகிறது. ''பட்டறைக் கூலியோட ஒப்பிட்டா நட்டம்தாங்க. ஆனா, போன சித்திரையில ஷாஃப்ட் போனப்ப, அன்னைக்குச் சாயங்காலமே தண்ணி பாய்ஞ்சுது.''

நம் வாசகருக்கு: அவசரத்துக்கு உதவும் பட்டறை பக்கத்தில் இருந்தால் வாங்காதீர்கள். இல்லை, கைவேலையில் ஆர்வமும் மாலை நேரமும் உண்டென்றால், மரக்கட்டையும் டார்ச்சுமாகப் போய்ப் பாருங்கள்.

கிளம்பும்போது அவரே ஒரு கோரிக்கை வைத்தார். இவருடைய லேத்தின் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கு. இப்போது வரும் போல்ட்டுகளோ மில்லிமீட்டர். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால், 127 பல் உள்ள சக்கரம் ஒன்று இருந்தால்தான் கணக்கு பிசகாமல் மில்லிமீட்டர் திருகு வெட்ட முடியும். அது மட்டும் இன்னும் கிடைக்கவில்லையாம். ''உங்க வாசகருங்க யாராவது பழைய இரும்புக் கடையில பார்த்தா, பல்லை எண்ணிட்டு உங்களுக்கு ஒரு கடுதாசி போடச் சொல்லுங்க'' என்றார்.