மூளையில் தெரியும் புகை ஆசை

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் தேநீர் குடித்தவுடன் சிலருடைய கை தானாகவே சட்டைப் பையைத் தடவுவதை நாம் பார்க்கிறோம். சிகரெட் பெட்டியின் மேல் நோயுற்ற உறுப்பின் படம் இருக்கிறது. 2004 முதல் அரசாங்கம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பார்த்தும் கை நிற்பதில்லையே, ஏன்?

நிகோடின் சில விநாடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. பிறகு மூளையே அதைக் கேட்கத் தொடங்குகிறது. பக்கவாதத்தால் மூளைக்குள் 'இன்சுலா' என்னும் பகுதி பழுதுபட்ட சிலர், புகைக்கும் ஆசையையே மறந்துபோனதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் வெளியிட்டார்கள்.

இப்பொழுது, படமெடுக்கும் காந்தக் கருவிக்குள் படுத்திருப்பவருக்கு அவருடைய மூளையின் ஆசை ஏறி இறங்குவதைக் காய்ச்சல் பார்க்கும் கருவியைப் போலத் திரையில் காட்டிப் பார்க்கிறார்கள். எதை நினைத்தால் அளவு இறங்குகிறதென்று அவரே பழகிக்கொள்ள வேண்டும். இது இன்னும் ஆராய்ச்சிதான், செலவும் மிகுதி. ஆனால் அந்த ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டார் ஏசாமல், ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுக்கலாமே!