சுவருக்கு வண்ணம் தேடுமுன் சன்னலைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கும்போது பல வீடுகளில் ஒரு விவாதம் தொடங்கிவிடும். இந்த முறை வீட்டுக்கு என்ன வண்ணம் பூசுவது? அம்மாவுக்கு இளமஞ்சள் பிடிக்கும். “வெள்ளையே போதும்” என்பார் அப்பா. அறையைப் பகிர்ந்துகொள்ளும் தம்பிக்கோ கருநீலம்தான் வேண்டும். கடைசியில், “நீ இணையத்தில் தேடிச் சொல்” என்று அந்தப் பொறுப்பு வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் வந்து சேரும்.

தேடினால் ஆயிரம் அறிவுரைகள் கிடைக்கும். ஆனால் அவற்றில் பல, குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றைச் சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுக்கு அப்படியே பொருத்தினால் சாயமும் பணமும் வீணாகலாம்.

வடக்குச் சன்னலின் கதை

“வடக்கு நோக்கிய அறையில் ஒளி குளிர்ச்சியாக இருக்கும், அதனால் மஞ்சள், ஆரஞ்சு போன்ற வெதுவெதுப்பான நிறங்களைப் பூசுங்கள்.” இது அடிக்கடி கண்ணில் படும் அறிவுரை. லண்டனுக்கு இது சரி. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கு வானில்தான் நிற்கும். வடக்குச் சன்னலுக்கு ஆண்டின் பெரும்பகுதி நேரடி வெயில் கிடைக்காது. வானத்தின் நீலம் கலந்த ஒளி மட்டுமே வரும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை பாகைக்குள் இருக்கிறது. மார்ச் பிற்பகுதியிலும் செப்டம்பர் பிற்பகுதியிலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாயும். செப்டம்பருக்குப் பிறகு மார்ச் வரை தெற்கே சாயும். அதாவது வடக்குச் சன்னலுக்கும் ஆறு மாதம் வெயில் உண்டு, தெற்குச் சன்னலுக்கும் ஆறு மாதம் உண்டு.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. தீபாவளிக்காக அக்டோபரில் நிறம் பார்க்கும்போது வடக்கு அறையில் நேரடி வெயில் விழாது. அதே சுவர் ஜூன் மாதத்தில் காலையும் மாலையும் சாய்ந்து விழும் வெயிலில் வேறு மாதிரி தெரியும்.

நமக்கு வடக்கு, தெற்கைவிடக் கிழக்கும் மேற்கும்தான் முக்கியம். மேற்கு நோக்கிய அறையில் பிற்பகல் தொடங்கி இரவு ஏழு மணி வாக்கில் சூரியன் மறையும்வரை வெயில் இருக்கும். பள்ளி முடிந்து வந்து நீங்கள் படிக்க உட்காரும் நேரமும் அதுதான். அந்த மஞ்சள் ஒளியில் சந்தன நிறச் சுவர் ஆரஞ்சாக மாறித் தோன்றும். சாம்பல் கலந்த இளநீலமோ இளம்பச்சையோ அந்த மஞ்சளைச் சற்றுத் தணிக்கும்.

கீழ்த்தளங்களில் இன்னொன்றும் உண்டு. சன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம் நின்றால் உள்ளே வரும் ஒளியில் பச்சை கலந்திருக்கும். எதிர்ப் புளோக்கின் சுவர் நிறமும் அப்படியே எதிரொளிக்கும்.

இரவில் வேறு சுவர்

பல குடும்பங்கள் ஒன்றாக வீட்டில் இருப்பது இரவில்தான். அப்போது சுவரின் நிறத்தை முடிவு செய்வது விளக்கு. விளக்குப் பெட்டியில் 3000 கெல்வின் என்றிருந்தால் ஒளி மஞ்சளாக இருக்கும். 6500 என்றிருந்தால் நீலம் கலந்த வெண்மை. ஒரே சாயம் முதல் விளக்கின் கீழ் இதமாகவும் இரண்டாவதன் கீழ் வெளிறியும் தெரியலாம். கடை விளக்கில் திரைச்சீலையோடு பொருந்திய நிறம் வீட்டில் பொருந்தாமல் போவதற்கும் இதுவே காரணம்.

“வெள்ளை பூசினால் இருட்டறை வெளிச்சமாகிவிடும்” என்பதும் பாதி உண்மைதான். சுவர் தன் மீது விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும். தானாக ஒளி தராது. பொது நடைபாதையைப் பார்த்த சன்னலை எப்போதும் மூடியே வைத்திருந்தால் அங்கே வெள்ளைச் சுவரும் மங்கிய சாம்பலாகத்தான் தெரியும். அந்த அறைக்கு முதலில் தேவை நல்ல விளக்கு.

பக்கத்தில் இருப்பது எது?

19ஆம் நூற்றாண்டில் பாரிசின் கோபெலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் மிஷெல் யூஜின் செவ்ரல் என்ற வேதியியலாளர். அங்கு சாயமேற்றிய கறுப்பு நூல் வலுவாகத் தெரியவில்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை மாற்றிக் காட்டின. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தால் வேறாகத் தோன்றும் இந்த விதியை அவர் 1839இல் நூலாக வெளியிட்டார்.

உங்கள் அறையிலும் இதுவே நடக்கும். செம்பழுப்புத் தரைக்கு மேலே சாம்பல் நிறச் சுவர் சற்றுப் பச்சையாகத் தோன்றக்கூடும். தரை, அலமாரி, கட்டில் ஆகியவற்றை மாற்றப் போவதில்லை என்றால் நிறத்தேர்வு அவற்றிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

நீலம் பூசினால் மதிப்பெண் கூடுமா?

நிறத்துக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பேச்சுகளை அப்படியே நம்பவேண்டாம். 1979இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்த கடற்படைத் தடுப்புக்காவல் நிலையத்தின் அறையொன்றுக்கு ஒருவகை இளஞ்சிவப்பு பூசப்பட்டது. கைதிகளின் மூர்க்கம் தணிந்ததாகச் செய்தி பரவி, பல சிறைகள் அதைப் பின்பற்றின. பின்னர் சுவிட்சர்லாந்துச் சிறையொன்றில் முறையாக நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில் அப்படி எந்த விளைவும் தெரியவில்லை. உங்களுக்குப் பிடித்த நிறத்தில் அமர்ந்து படியுங்கள். மதிப்பெண்ணைச் சுவரிடம் எதிர்பார்க்காதீர்கள்.

தாத்தா பாட்டியின் கண்கள்

வீட்டில் முதியவர் இருந்தால் நிறம் பாதுகாப்புக்கும் உதவும். வயதாக ஆக கண்ணின் வில்லை மஞ்சளாகும். கண்ணுக்குள் போகும் ஒளியும் குறையும். இளநீலத்தையும் இளம்பச்சையையும் பிரித்தறிவது கடினமாகும். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, வெள்ளை விளக்குப் பொத்தான் என்று எல்லாம் ஒன்றாக இருந்தால் இரவில் கழிவறைக்குப் போகும் பாட்டி தடுமாறக்கூடும். கதவுச் சட்டத்துக்குச் சற்று அடர்ந்த நிறம் பூசுவது சிறிய செலவு, பெரிய உதவி.

ஒரு வாரச் சோதனை

கைப்பேசித் திரையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். திரை தானே ஒளிரும். சாயம் ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டும் ஒன்றாகத் தெரியாது. கைப்பேசியில் படம் எடுத்து ஒப்பிட்டாலும் கேமரா நிறங்களைத் தானாகச் சரிசெய்துவிடும்.

அதற்குப் பதிலாக இரண்டு மூன்று நிறங்களைச் சிறிய மாதிரி டின்களில் வாங்குங்கள். ஏ3 அளவு வெள்ளை அட்டைகளில், ஓரத்தில் வெள்ளை விட்டு, இருமுறை பூசிக் காயவிடுங்கள். அட்டைகளைச் சன்னலுக்கு எதிரே ஒரு நாளும் சன்னலை ஒட்டிய சுவரில் ஒரு நாளும் ஒட்டுங்கள். காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு, இரவு ஒன்பது என நான்கு வேளையும் பார்த்துக் குறிப்பெடுங்கள். மழை நாளையும் விட்டுவிடாதீர்கள். நான்கு சுவரிலும் பூசும்போது நிறம் ஒன்றிலொன்று எதிரொளித்து இன்னும் அடர்த்தியாகும். இரண்டுக்கு நடுவே தயங்கினால் வெளிறியதை எடுப்பதே நல்லது.

அளவுக் கணக்கும் எளிது. மூன்று மீட்டர் நீள, அகலமும் 2.6 மீட்டர் உயரமும் உள்ள அறையின் சுவர்ப்பரப்பு 31.2 சதுர மீட்டர். கதவுக்கும் சன்னலுக்கும் நான்கைக் கழித்தால் ஏறக்குறைய 27. இருமுறை பூச 54. ஒரு லிட்டர் பத்துச் சதுர மீட்டருக்கு வருமென்றால் 5.4 லிட்டர் தேவை. ஐந்து லிட்டர் டின் போதாது. உங்கள் சாயம் எவ்வளவு பரப்புக்கு வரும் என்பது டின்னிலேயே அச்சிடப்பட்டிருக்கும், வாங்குமுன் பாருங்கள்.

ஒரு வாரக் குறிப்புகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பேசுங்கள். அம்மாவின் இளமஞ்சளும் தம்பியின் கருநீலமும் அட்டையாக எதிரே இருக்கும்போது, யார் சொல் எடுபடும் என்பதைவிட எந்த அறைக்கு எது பொருந்தும் என்று பேசுவது எளிதாகிவிடும்.